ஷோக்ஷா: ஓர் எர்ஸ்யா உட்குழுவும் அதே பெயரில் வேறு சிலவும்

ஷோக்ஷா என்ற பெயரைத் தேடிப் போனால் ஒன்றுக்கு நான்கு வந்து நிற்கும். ரஷ்யாவின் மோர்தோவியக் குடியரசில் வாழும் ஒரு சிறு மக்கள் குழு ஒன்று. அந்தக் குழுவின் பெயரையே தாங்கிய ஒரு கிராமம் இன்னொன்று. அங்கிருந்து 800 கிலோமீட்டருக்கும் அதிகமாக வடமேற்கே, ஒனேகா ஏரிக்கரையில் அதே பெயரில் ஓர் ஊர். கடைசியாக, அந்த ஏரிக்கரை ஊரில் வெட்டி எடுக்கும் கருஞ்சிவப்புக் கல். பாரிஸில் நெப்போலியனின் உடலைச் சுமந்து கிடப்பது அந்தக் கல்தான். ரஷ்ய மொழியில் நான்குக்கும் ஒரே எழுத்துக்கூட்டல். அவசரமாகப் படிப்பவர்கள் எர்ஸ்யா மக்கள்தான் நெப்போலியனுக்குக் கல் வெட்டிக் கொடுத்தார்கள் என்று முடிச்சுப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. அந்த முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் எர்ஸ்யா யார் என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

எர்ஸ்யா யார்?

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே, வோல்கா ஆற்றை எட்டுவதற்கு முன்னாலேயே மோர்தோவியா வந்துவிடும். தலைநகர் சரான்ஸ்க். 2018 உலகக் கோப்பைக் கால்பந்தை விடாமல் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் காதில் விழுந்திருக்கும். கொலம்பியாவை ஜப்பான் 2-1 என்று மடக்கியதும், ஈரான் போர்ச்சுகலோடு 1-1 என்று சமன் செய்ததும் இந்த ஊரில்தான்.

இந்தக் குடியரசில் ரஷ்யர்களோடு சேர்ந்து வாழும் பழங்குடிமக்களை வெளியார் 'மோர்த்வா' என்று அழைப்பார்கள். பழைய சொல்தான். 6ஆம் நூற்றாண்டில் கோத்தியர்களின் வரலாற்றை எழுதிய யோர்தானெஸ், அவர்களின் அரசனுக்கு அடங்கிய மக்களின் பட்டியலில் 'மோர்தென்ஸ்' என்ற பெயரைக் குறிப்பிடுகிறார். ஆனால் அது வெளியார் வைத்த பெயர். அந்த மக்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது எர்ஸ்யா அல்லது மோக்ஷா என்றுதான். 13ஆம் நூற்றாண்டில் மங்கோலிய அரசவைக்குப் பயணம் போன ருப்ருக் ஊர் வில்லியம் என்ற துறவியும் 'மொக்ஸெல்', 'மெர்தினிஸ்' என்று இரண்டு பெயரைத் தனித்தனியாக எழுதியிருக்கிறார்.

தமிழ் வாசகருக்கு மோக்ஷா என்றதும் மோட்சம் நினைவுக்கு வரும். ஒலிதான் ஒன்று, உறவு கிடையாது. மோர்தோவியாவின் மேற்குப் பகுதி வழியாக ஓடி ஓகா ஆற்றில் கலக்கும் ஆற்றின் பெயர் மோக்ஷா. ஆற்றுக்கும் மக்களுக்கும் மொழிக்கும் ஒரே பெயர். குடியரசின் கிழக்கே சுரா ஆறு, அது நேராக வோல்காவில் சேர்கிறது. மோட்டாகச் சொன்னால் மேற்கே மோக்ஷா மக்கள், கிழக்கே எர்ஸ்யா மக்கள். இந்த மோட்டான வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷோக்ஷா இதில் பொருந்தாமல் நிற்பதுதான் அவர்களைப் பற்றிப் பேசவே காரணம்.

எர்ஸ்யா, மோக்ஷா இரண்டும் ஊராலிக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஃபின்னிஷ், எஸ்தோனியன், ஹங்கேரியன் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ரஷ்ய மொழிக்கும் இவற்றுக்கும் குடும்ப உறவே இல்லை. இரண்டுக்கும் இன்று தனித்தனி எழுத்துமொழி உண்டு, இரண்டும் சிரில்லிக் எழுத்தில் எழுதப்படுகின்றன, இரண்டும் ரஷ்ய மொழியோடு சேர்ந்து குடியரசின் ஆட்சிமொழிகள். அக்கா தங்கை மொழிகள் என்றாலும் பேசினால் உடனே புரிந்துவிடாது. எர்ஸ்யாவில் வீடு 'குதோ', மோக்ஷாவில் 'குத்'. சூரியனுக்கும் பகலுக்கும் எர்ஸ்யாவில் 'சி', மோக்ஷாவில் 'ஷி'. மலைக்கு அங்கே 'பாந்தோ', இங்கே 'பாந்தா'. இதுவரை சமாளித்துவிடலாம். ஒன்று என்ற எண்ணுக்கு வரும்போது எர்ஸ்யாக்காரர் 'வெய்கெ' என்பார், மோக்ஷாக்காரர் 'ஃப்க்யா' என்பார். எர்ஸ்யாவில் ஐந்தே உயிரொலிகள், மோக்ஷாவில் அதைவிடக் கூடுதல். போதாததற்கு மோக்ஷாவில் காற்று மட்டும் வெளியேறும் ஒருவகை ர, ல ஒலிகளும் உண்டு. இரண்டு பேர் சந்தித்தால் பல சமயம் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்வதே அவர்களுக்குச் சுலபமாகிவிடுகிறது.

கணக்கெடுப்பில் இந்த இரண்டு பெயர்களும் எப்படிக் கரைந்துபோகின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 2010 ரஷ்யக் கணக்கெடுப்பில் மோர்த்வா என்ற தலைப்பின் கீழ் 7,44,237 பேர். அதற்குள் எர்ஸ்யா என்று எழுதிக் கொடுத்தவர்கள் ஏறத்தாழ 57,000 பேர், மோக்ஷா என்று எழுதியவர்கள் 5,000 பேர்கூட இல்லை. அதனால் எர்ஸ்யா மக்கள் மொத்தமே 57,000 பேர்தான் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். பெரும்பாலானோர் படிவத்தில் பொதுப்பெயரை எழுதினார்கள், அவ்வளவுதான். அந்தக் கணக்கெடுப்பின்படி இந்த மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோர்தோவியாவுக்கு வெளியே, சமாரா, பென்ஸா, நீஷ்னி நொவ்கோரத் போன்ற பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

எர்ஸ்யா என்ற பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட ஒருவரும் உண்டு. ஸ்தெபான் நெஃப்யோதொவ் என்ற சிற்பி (1876–1959), தன் மக்களின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு ஸ்தெபான் எர்ஸ்யா ஆனார். 1920களின் கடைசியில் அர்ஜென்டினா போனவர், அங்கே கெப்ராச்சோ என்ற இரும்பு போன்ற மரத்தில் சிற்பங்கள் செதுக்கிப் புகழ் பெற்று, 1950இல் அவற்றோடு நாடு திரும்பினார். சரான்ஸ்கில் அவர் பெயரில் இருக்கும் அருங்காட்சியகத்தில் அவை உள்ளன. அதை எர்ஸ்யா அருங்காட்சியகம் என்று சுருக்கிச் சொல்வதால், அது எர்ஸ்யா மக்களின் பண்பாட்டு அருங்காட்சியகம் என்று நினைப்பவர்களும் உண்டு.

உட்குழு என்றால் என்ன?

ஒரு மக்களுக்குள்ளேயே பேச்சு, உடை, சடங்கு, வாழிடம் ஆகியவற்றில் ஒரு பகுதியினர் மற்றவர்களிடமிருந்து கண்ணுக்குத் தெரியும்படி விலகியிருந்தால், ஆய்வாளர்கள் அவர்களை இனவரைவியல் குழு என்பார்கள். தனி இனம் என்று சொல்லும் அளவுக்கு விலகல் இல்லை, ஒன்றுபோல்தான் என்று கடந்துபோகவும் முடியாது என்ற இடைப்பட்ட நிலைக்கு வைத்த பெயர் இது. எல்லை எங்கே என்று கோடு போட்டுக் காட்ட முடியாது. எவ்வளவு விலகினால் தனி என்பது பல நேரம் அறிவியலைவிட ஆய்வாளரின் மனச்சாய்வைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மோர்தோவிய மக்களைப் பற்றிய நூல்களில் இப்படி மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்: தெர்யுஹான், கரதாய், ஷோக்ஷா. மூன்றும் மூன்று விதமாக உருவானவை.

தெர்யுஹான் மக்கள் நீஷ்னி நொவ்கோரத் நகருக்குத் தெற்கே வாழ்ந்தவர்கள். எர்ஸ்யாவின் கிளை. 1743இல் ஆயர் திமித்ரி சேச்சனொவ் அந்த வட்டாரத்தில் பழைய சமயத்தை ஒழிக்கப் புறப்பட்டு, முன்னோரைப் புதைத்த இடத்தில் கைவைத்தார். ஊர் திரண்டுவிட்டது. 1745 வரை நீடித்த அந்தக் கிளர்ச்சியைப் படையை விட்டுத்தான் அடக்கினார்கள். அது அடங்கியும் நெருப்பு அணையவில்லை. 1808 முதல் 1810 வரை அதே மண்ணில் குஸ்மா அலெக்ஸேயெவ் என்பவர், பழைய வழிபாட்டையும் பழைய உடையையும் மீட்கச் சொல்லிக் கூட்டம் கூட்டினார். ரஷ்யர்கள் அவரைக் கிண்டலாக 'மோர்த்வாக்களின் கடவுள் குஸ்கா' என்றார்கள். கசையடி கொடுத்து சைபீரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இத்தனை போராட்டத்துக்குப் பிறகும் 19ஆம் நூற்றாண்டுக்குள் அந்த மக்கள் ரஷ்ய மொழிக்கு மாறிவிட்டார்கள். இன்று அந்த ஊர்களில் உள்ளவர்கள் பெரும்பாலும் ரஷ்யர்களாகவே எண்ணப்படுகிறார்கள்.

கரதாய் மக்களின் கதை வேறு. தாதர்ஸ்தான் குடியரசில், வோல்கா ஓரமாகச் சில ஊர்களில் மட்டும் இருப்பவர்கள். தங்களை மோர்த்வா என்பார்கள், சமயம் மரபுவழி (ஆர்த்தடாக்ஸ்) கிறிஸ்தவம், ஆனால் வீட்டில் பேசுவது தாதர் மொழி. மொழி போய் அடையாளம் நின்ற குழு என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

ஷோக்ஷாவில் மொழியும் போகவில்லை, பெயரும் போகவில்லை. ஆனால் மொழி இருந்த மாதிரியே இருக்கவும் இல்லை.

மேற்கே தனித்து நின்ற எர்ஸ்யா

மோர்தோவியாவின் வடமேற்கு மூலையில், ரியாஸான், நீஷ்னி நொவ்கோரத் பகுதிகளை ஒட்டி, தெங்குஷெவோ மாவட்டம் இருக்கிறது. மோக்ஷா ஆறு அதன் வழியாகப் போகிறது. ஷோக்ஷா என்ற கிராமம் இங்கேதான். அதைச் சுற்றியுள்ள ஊர்களில் எர்ஸ்யா பேசும் மக்கள் வாழ்கிறார்கள். மேலே சொன்ன மோட்டான வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: கிழக்கே இருக்க வேண்டியவர்கள் மேற்கே, மோக்ஷா மக்களின் பக்கத்தில் இருக்கிறார்கள். கிழக்கே அர்தாதொவ், அத்யாஷெவோ, கொச்குரொவோ பக்கம் உள்ள எர்ஸ்யா ஊர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே குடியரசின் குறுக்களவு முழுவதும் கிடக்கிறது.

இவர்கள் எங்கிருந்தோ வந்து தவறான இடத்தில் குடியேறியவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. எர்ஸ்யா மக்களின் பழைய நிலம் ஓகா, வோல்கா, சுரா ஆறுகளுக்கு இடையில் பரந்து கிடந்தது. 1552இல் தாதர் கான்களின் தலைநகரான கஸான் ரஷ்யப் படையிடம் வீழ்ந்த பிறகு இந்தப் பகுதி முழுக்க மாஸ்கோவின் பிடிக்குள் வந்தது. நிலங்கள் மடங்களுக்கும் பிரபுக்களுக்கும் போயின. வரி, கட்டாய ஞானஸ்நானம், குடியானவ அடிமைத்தனம் இவற்றிலிருந்து விலகி ஊர் ஊராக மக்கள் கிழக்கேயும் தென்கிழக்கேயும் நகர்ந்தார்கள். இன்றும் வோல்காவுக்கு அப்பால் எர்ஸ்யா ஊர்கள் சிதறிக் கிடப்பதற்கு அதுதான் காரணம். மற்றவர்கள் நகர, மேற்கே ஒரு துண்டு நின்றது. தெங்குஷெவோவிலிருந்து ஒரு கிளை பிரிந்து தெற்கே தொர்பேயெவோ மாவட்டத்துக்கும் போனது. அங்கே திராக்கினோ போன்ற ஊர்களில் இந்தப் பேச்சு இருக்கிறது. ஆகவே ஆய்வு நூல்களில் 'தெங்குஷெவோ மோர்த்வா' என்று பார்த்தாலும், 'ஷோக்ஷா எர்ஸ்யா' என்று பார்த்தாலும் ஒரே மக்களைத்தான் சொல்கிறார்கள்.

எர்ஸ்யா வட்டார வழக்குகளை மொழியியலாளர்கள் ஐந்து பிரிவாகப் பிரிப்பது வழக்கம். மத்திய, மேற்கு, வடக்கு, தென்கிழக்கு, ஐந்தாவதாக ஷோக்ஷா. முதல் நான்கையும் திசையை வைத்துப் பெயரிட்டவர்கள் ஐந்தாவதற்கு மட்டும் மக்களின் பெயரை வைத்திருப்பதைக் கவனியுங்கள். திசையால் அடையாளம் காட்ட முடியாத அளவுக்கு அது மற்ற நான்கிடமிருந்தும் ஒதுங்கி நிற்கிறது. அக்கம்பக்கம் எல்லாம் மோக்ஷா ஊரும் ரஷ்ய ஊருமாக இருக்கும்போது, நூற்றாண்டுக் கணக்கில் மோக்ஷாவின் ஒலிகளும் சொற்களும் உள்ளே வந்து தங்கிவிட்டன. இலக்கணத்தின் முதுகெலும்பு எர்ஸ்யா, காதில் விழும் சாயலில் மோக்ஷா. அதனால் சில நூல்கள் இதைக் 'கலப்பு வழக்கு' என்று எழுதும். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. கலக்காத வழக்கு உலகில் எது? மத்திய எர்ஸ்யாவில் மட்டும் ரஷ்யச் சொற்கள் கொஞ்சமா நஞ்சமா?

இதில் பள்ளிக்கூடம் வேறு ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. எர்ஸ்யா எழுத்துமொழியை 1920களுக்குப் பிறகு வகுத்தபோது, குடியரசின் கிழக்கே அத்யாஷெவோ மாவட்டத்திலுள்ள கோஸ்லோவ்கா என்ற ஊரின் பேச்சை அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். ஷோக்ஷா வீட்டுப் பிள்ளை பாடநூலில் எர்ஸ்யா படித்தால், படிப்பது குடியரசின் மறுகோடியில் உள்ளவர்களின் பேச்சு. வீட்டில் ஒன்று, ஏட்டில் ஒன்று, வெளியே போனால் ரஷ்யம். யுனெஸ்கோவின் அழிநிலை மொழிகள் பட்டியலில் எர்ஸ்யாவே இடம்பெற்றுவிட்டது. அதன் ஒரு சிறு வட்டார வழக்குக்கு இருக்கும் நெருக்கடியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உடையிலும் இதே கதைதான். எர்ஸ்யாப் பெண்ணைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டும் அணி புலாய். இடுப்பின் பின்பக்கம் கட்டும் கனமான அலங்காரப் பட்டை. அதில் மணியும் நாணயமும் சங்கிலியும் நூல் குஞ்சமும் தொங்கும், நடந்தால் சலசலக்கும். பெண் பருவமடைந்தால் முதன்முதலாகக் கட்டிவிடுவார்கள். பெரியவர்கள் முன்னால் அது இல்லாமல் வருவது மரியாதைக் குறைவு. சில புலாய்களில் வரிசை வரிசையாகச் சோழி தைத்திருப்பார்கள். இந்தியப் பெருங்கடலில் எடுத்த சோழி, வணிகர் கைமாறிக் கைமாறி வோல்காக் கரை வரை போய், பனி பெய்யும் ஊரில் ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறியிருக்கிறது. நம் வீட்டில் பல்லாங்குழி ஆடிய அதே வகைச் சோழிதான்.

மோக்ஷாப் பெண்கள் புலாய் கட்டுவதில்லை. அவர்களுடைய 'பனர்' என்ற மேற்சட்டை நீளத்தில் குறைவு, அதை இடுப்பில் தூக்கிக் கட்டிக்கொள்வார்கள், உள்ளே நீளக் காற்சட்டை அணிவார்கள். எர்ஸ்யா உடை எது, மோக்ஷா உடை எது என்று அருங்காட்சியகத்தில் பிரித்து வைப்பது இதனால் எளிது. ஷோக்ஷா உடை வந்தால் மட்டும் அந்தப் பிரிவு தடுமாறும். இரண்டு பக்கத்துக் கூறுகளும் ஒரே உடையில் சேர்ந்திருக்கும். பேச்சை வைத்து எர்ஸ்யா என்றும் உடையை வைத்து மோக்ஷா என்றும் இரண்டு பேர் சண்டை போட்டால், இருவருக்கும் கையில் சான்று இருக்கும்.

இனி ஏரிக்கரை ஷோக்ஷா

இப்போது வரைபடத்தில் வெகுதூரம் வடக்கே போக வேண்டும். கரேலியக் குடியரசு. தலைநகர் பெத்ரஸவோத்ஸ்க், ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய ஏரியான ஒனேகாவின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் ஷோக்ஷா, ஷெல்தொஸெரோ, ரிப்ரேகா என்று ஊர்கள் வரும். இவை வெப்ஸ் மக்களின் ஊர்கள்.

வெப்ஸ் மக்கள் எர்ஸ்யா அல்லர். ஃபின்னிஷ், கரேலியன் மொழிகளுக்கு நெருங்கிய ஒரு மொழியைப் பேசுபவர்கள். எண்ணிக்கையில் எர்ஸ்யாவைவிட மிகச் சிறியவர்கள்: 2002 கணக்கெடுப்பில் ரஷ்யா முழுவதும் 8,240 பேர், 2010இல் 5,936 பேர். எட்டே ஆண்டில் இவ்வளவு இறக்கம். ஒனேகாக் கரையில் இருப்பவர்கள் வடக்கு வெப்ஸ். மற்றவர்கள் லெனின்கிராத், வோலக்தா பகுதிகளில் சிதறியிருக்கிறார்கள். 1967இல் ரியூரிக் லோனின் என்ற உள்ளூர்க்காரர், வீடு வீடாகப் போய்ப் பழம்பொருட்களைச் சேகரித்து ஷெல்தொஸெரோவில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். 1994இல் இந்த ஊர்களைச் சேர்த்து வெப்ஸ் தேசிய வட்டாரம் என்று ஒரு தன்னாட்சிப் பகுதி அமைந்தது. பத்து ஆண்டு தாண்டியதும் நிர்வாகச் சீர்திருத்தத்தில் கலைந்துபோனது.

வடக்கு வெப்ஸ் ஆண்களின் தொழில் கல் வேலை. கரையோரமெங்கும் பாறை. ரிப்ரேகாப் பக்கம் கறுப்புக் கல், ஷோக்ஷாவில் சிவப்புக் கல். பீட்டர்ஸ்பர்க் நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கூட்டங்கூட்டமாக அங்கே போய்க் கல் வேலை செய்தார்கள்.

சிவப்புக் கல்லின் சரியான பெயர் குவார்ட்சைட். ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஆழமில்லாத நீரின் அடியில் படிந்த மணல் அது. மணல்துகள்களுக்கு இடையில் சிலிக்கா புகுந்து இறுக்கி, முழுதும் ஒரே பாறையாகிவிட்டது. நிறம் ஹெமடைட் என்ற இரும்புத் தாதுவால் வந்தது. சில பலகைகளைப் பிளந்தால் நீரலை மணலில் போட்ட வரிவடிவம் அப்படியே தெரியும். அந்தக் காலத்து அலை! பழைய கட்டடக் குறிப்புகளில் இதை 'ஷோக்ஷாப் போர்ஃபிரி' என்று எழுதியிருப்பார்கள், ஆனால் போர்ஃபிரி என்பது எரிமலைக் குழம்பில் பிறந்த பாறை, இது மணலில் பிறந்தது. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் நிலைத்துவிட்டது. கரேலியாவின் நில அடுக்குகளை ஆராய்ந்தவர்கள் இந்தப் பாறை உருவான காலத்துக்கே 'வெப்ஸியன்' என்று வெப்ஸ் மக்களின் பெயரை வைத்திருக்கிறார்கள். 6,000 பேர்கூட இல்லாத மக்களின் பெயரில் 15 கோடி ஆண்டு நீளமுள்ள ஒரு யுகம்.

நெப்போலியன் கல்லறைக்கு வருவோம். 1821இல் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தவரின் உடலை 1840இல் பாரிஸுக்குக் கொண்டுவந்தார்கள். லெஸ் இன்வலித் தேவாலயத்தில் கல்லறையை வடிவமைத்தவர் விஸ்கோந்தி. ரோமப் பேரரசர்களுக்கு எகிப்தின் சிவப்புப் போர்ஃபிரியில் கல்பெட்டி செய்தது போல் நெப்போலியனுக்கும் வேண்டும் என்று ஆசை. ஏற்ற கல்லைத் தேடி லெயுஸோன் லெ துக் என்பவரை ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். ஃபின்லாந்தின் நாட்டார் காவியத்தைப் பிரெஞ்சு உரைநடையில் தந்தவர் அவர், வடநாடு பழக்கமானவர். கல் ஷோக்ஷாவில் கிடைத்தது. பேரரசர் முதலாம் நிக்கோலஸ் அனுமதி கொடுத்தார். அவருடைய அண்ணன் அலெக்சாந்தரின் நாட்டுக்குள்தான் 1812இல் நெப்போலியன் படையோடு நுழைந்து, மாஸ்கோ எரிந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த நாட்டின் கல்லையே அவருக்குப் பெட்டியாக்கினார்கள். ஒனேகாவிலிருந்து ஸ்வீர் ஆறு, லதோகா ஏரி, நேவா ஆறு என்று நீர்வழி பால்டிக் கடல் வரைக்கும் தொடர்ந்து கிடப்பதால்தான் இத்தனை கனத்தை வெளியே கொண்டுபோக முடிந்தது. வேலை இழுத்துக்கொண்டே போய், உடலைப் பெட்டிக்குள் வைத்தது 1861இல். விஸ்கோந்தி அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். பாரிஸ் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம்: மேலே உள்ள சிவப்புப் பெட்டிதான் ஷோக்ஷாக் கல், கீழே உள்ள பச்சைப் பீடம் பிரான்ஸின் வோஜ் மலைக் கல்.

ரஷ்யாவுக்குள் இந்தக் கல் போன இடங்களும் சாதாரணமானவை அல்ல. பீட்டர்ஸ்பர்க்கில் மிகாய்லொவ்ஸ்கி கோட்டையின் முகப்பு, புனித ஈசாக் தேவாலயத்தின் உட்புறம், அதன் எதிரே நிற்கும் நிக்கோலஸ் சிலையின் பீடம். மாஸ்கோவில் 1930இல் முடிந்த லெனின் நினைவகத்தின் வாசலுக்கு மேலே கறுப்புக் கல்லில் 'லெனின்' என்று பதித்திருக்கும் சிவப்பு எழுத்துகள் ஷோக்ஷாக் கல். 1967இல் கிரெம்ளின் சுவரடியில் திறந்த பெயர் தெரியாத வீரர் நினைவிடத்திலும் இதுதான். பேரரசர், புரட்சித் தலைவர், பெயரில்லாத சிப்பாய் என்று ஆள் பார்க்காமல் போயிருக்கிறது. ஷோக்ஷாவை ஒட்டிக் கல் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்புக்குக் குவார்த்ஸித்னி என்றே பெயர். கல்லின் பெயர்தான், வேறென்ன?

இரண்டு ஷோக்ஷாவுக்கும் உறவு உண்டா?

ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, எர்ஸ்யா மக்கள் ஒரு காலத்தில் ஒனேகா வரை போனார்கள் என்றோ, வெப்ஸ் மக்கள் மோக்ஷா ஆற்றங்கரைக்கு வந்தார்கள் என்றோ கதை கட்டக் கூடாது. வடக்கு, நடு ரஷ்யாவின் ஆறு, ஏரிப் பெயர்களில் பல, இன்றைக்கு அங்கே பேசும் ரஷ்ய மொழிக்கு முந்தியவை. அவற்றை விட்டுச்சென்ற மக்களில் பலர் பேச்சோடு மறைந்துவிட்டார்கள். நெருங்கிய ஒலியுள்ள பெயர்கள் ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் வருவது அங்கே அதிசயம் அல்ல.

பெயர் சாட்சி சொல்லாத உறவைச் சொற்கள் சொல்கின்றன. எர்ஸ்யாவில் தண்ணீர் 'வேத்', வெப்ஸில் 'வெஸி', ஃபின்னிஷில் 'வெஸி'. மீன் எர்ஸ்யாவில் 'கல்', மற்ற இரண்டிலும் 'கலா'. கைக்கு எர்ஸ்யாவில் 'கேத்', வெப்ஸில் 'கேஸி', ஃபின்னிஷில் 'கேசி'. இரத்தத்துக்கு 'வேர்', 'வெரி', 'வெரி'. தண்ணீர், மீன், கை, இரத்தம் போன்ற சொற்களைப் பொதுவாக யாரும் கடன் வாங்குவதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒரே மொழியாக இருந்து பிரிந்த தடம் இது. எர்ஸ்யாப் பழஞ்சமயத்தில் நீருக்கு அதிபதி வேதாவா. 'வேத்' தண்ணீர், 'ஆவா' தாய். அந்தப் பெயரின் முதல் பாதியை ஒனேகாக் கரை வெப்ஸ் பாட்டி காதால் கேட்டு இனம் கண்டுகொள்வாரா என்றால், சந்தேகம்தான். மொழியியலாளர் எடுத்துச் சொன்னால்தான் தெரியும் அளவுக்கு அது தூரத்து உறவு. தெங்குஷெவோ ஷோக்ஷாக்காரருக்கும் அவரைச் சுற்றி வாழும் மோக்ஷாக்காரருக்கும் உள்ள நெருக்கத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

கட்டுரை எதிலாவது இனி இந்தப் பெயர் வந்தால், அருகில் என்ன சொற்கள் வருகின்றன என்று பாருங்கள். தெங்குஷெவோ, தொர்பேயெவோ, வட்டார வழக்கு, புலாய் என்று வந்தால் எர்ஸ்யா உட்குழு. ஒனேகா, வெப்ஸ், குவார்ட்சைட், போர்ஃபிரி என்று வந்தால் கரேலியா. 'ஷோ'வுக்குப் பதில் 'மோ' இருந்தால் அது எர்ஸ்யாவே அல்ல, பக்கத்து வீட்டு மோக்ஷா. ரஷ்யத்திலிருந்து தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ பெயர்க்கும் கருவிகள் இந்த ஓரெழுத்தில் வழுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். ஷோக்ஷா வழக்கில் மோக்ஷாவின் தாக்கம் பற்றிய ஒரு பத்தியில் இரண்டு பெயரும் வரிக்கு வரி மாறி மாறி வரும்போது, மூலத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பது நல்லது.